வார்சா சந்தையில் இல்லாத கோபுரம்

சத்தியபாய்: கொழல் ஊதுக கோபுரம் எந்த ஊர்லலே இருக்கு?

ரிஜோ: என்னது?

சத்தியபாய்: காது அடைச்சிட்டா? கோபுரம். ஒருத்தன் மேல ஏறி நின்னு கொழல் ஊதுவான், அந்தக் காலத்துல அம்பு பட்டுச் செத்தவன் ஞாபகமா பாதில நிப்பாட்டிருவான்னு சொன்னியே. அந்தக் கோபுரம்.

ரிஜோ: இஞ்சதான்... வார்சாவுல. சந்தை மூலைல. என்னம்மா இது, போன எடுத்த உடனே...

சத்தியபாய்: நீ கண்ணால பாத்தியா?

ரிஜோ: பாக்காம? தெனமும் அந்த வழிதான் வேலைக்குப் போறேன்.

சத்தியபாய்: தெனமும்.

ரிஜோ: ஆமா.

சத்தியபாய்: அபினேஷ் வந்திருக்கான்.

ரிஜோ: எந்த அபினேஷ்?

சத்தியபாய்: நம்ம சர்ச்சு கமிட்டி ஜெபகனிக்க மவன். அவனும் வார்சாவுலதான் நிக்கான். சைக்கிள்ல சாப்பாடு கொண்டு குடுக்க வேலை. நேத்து சாயங்காலம் வந்து இறங்குனான். பெட்டிய வீட்டுல போட்டுட்டு நேரா சர்ச்சு முற்றத்துக்கு வந்து நம்ம கிறிஸ்மஸ் செட்டப் பாத்தான். பாத்துட்டு சிரிச்சான் பாரு... தரையில உக்காந்து வயித்தப் பிடிச்சிட்டு சிரிக்கான்.

ரிஜோ: அவன் எதுக்கு சிரிக்கான்?

சத்தியபாய்: எதுக்கா? வாலிபர் சங்கத்துப் பிள்ளைய ஒரு மாசமா கிடந்து பாடுபட்டு வார்சா சந்தை முக்கக் கட்டி வச்சிருக்கு. மூங்கில், பிளைவுட்டு, தெர்மகோல்... கொட்டாரம் ஊர்க் கடைல உள்ள பெயிண்டெல்லாம் அதுல தான் கிடக்கு. எல்லாம் நீ ஞாயித்துக்கெழமை தோறும் போன்ல எனக்குச் சொன்னது, நான் அவனுவளுக்குச் சொன்னது. இவன் வந்து நின்னு சொல்லுகான், இது வார்சாவே இல்லேன்னு.

ரிஜோ: அவனுக்கு என்ன தெரியும்? சோறு கொண்டு குடுக்கவனுக்கு...

சத்தியபாய்: சோறு கொண்டு குடுக்கவன் அந்தச் சந்தைலயேதான்லே கிடக்கான். போன்ல படத்தக் காட்டுனான். கோபுரமும் இல்ல, கொழலும் இல்ல. நடுவுல நீளமா துணி விக்க மண்டபம் உண்டும்னு சொன்னியே, அதும் இல்ல. அதெல்லாம் கிராக்கோன்னு வேற ஒரு ஊராம். வார்சாவுல இருந்து ரயில் ஏறிப் போணுமாம்.

ரிஜோ: கொஞ்சம் மாறிப் போயிருக்கும்மா. ரெண்டும் போலந்துதான...

சத்தியபாய்: ஓஹோ. அப்ப மதுரைல உள்ள கோபுரத்த பேத்துக் கொண்டு நாரோயில்ல வச்சிட்டு, ரெண்டும் தமிழ்நாடுதானன்னு சொல்லுவியா?

ரிஜோ: ஒரு செட்டுக்கு எதுக்கு இந்த சாட்டம் சாடுக? பாக்க வாறவனுக்கு வார்சான்னா என்ன, கிராக்கோன்னா என்ன? லைட்டு எரிஞ்சா போதும்.

சத்தியபாய்: ஜாஸ்பின் டீச்சர் மைக்குல பேசி ரெக்கார்டு போட்டு வச்சிருக்கு. "எண்ணூறு வருசமா ஒரு கல்லுகூட மாறாத சந்தை"ன்னு. நீ சொன்ன வாக்கு அப்படியே. பாண்டு அடிக்க தங்கப்பன கோபுரத்துல ஏத்தி, ஊதி ஊதி பாதில நிப்பாட்டப் பழக்கிருக்கானுவ. அந்த ஆளு நிப்பாட்டினா கீழ நிக்கவனெல்லாம், மூச்சு முட்டிட்டா தங்கப்பான்னு கேக்கான்.

ரிஜோ: ஹ...

சத்தியபாய்: சிரிக்காத. சிரிச்சன்னா எனக்கு ஆத்திரம் கூடும் கேட்டியா.

ரிஜோ: சிரிக்கல.

சத்தியபாய்: செட்டு நடுவுல வாளும் கையுமா நிக்க, பாதி மீனு பாதி பொம்பள சிலை இருக்காளே, அவ ஒருத்திதான் வார்சாக்காரியாம். அவளுக்கும் கமிட்டிக்காரரு பெயிண்டுல சட்டை போட்டு விட்டாச்சு. மிச்சம் முழுக்க நீ சொன்ன கள்ளம்.

ரிஜோ: கள்ளம் இல்லம்மா. தப்பாச் சொல்லிட்டேன். அவ்வளவுதான்.

சத்தியபாய்: தப்பாச் சொன்ன. சரி. கோபுரம் கிடக்கட்டு. கிறிஸ்மசுக்கு வாறியா இல்லியா, அதச் சொல்லு.

ரிஜோ: திரும்ப ஆரம்பிச்சிட்டியா?

சத்தியபாய்: வாறியா?

ரிஜோ: லீவு இல்லம்மா.

சத்தியபாய்: அபினேஷுக்கு லீவு உண்டும்.

ரிஜோ: அவனுக்க கம்பெனி வேற, எனக்க கம்பெனி வேற. கிறிஸ்மஸ் சமயம்தான் இஞ்ச ஓட்டல்ல கூட்டம். ஆளு எல்லாரும் போயிட்டா யாரு வேலை செய்யது?

சத்தியபாய்: மூணு கிறிஸ்மசாச்சு. உனக்க அக்கா ஜெமிக்க பிள்ளைக்கு ஞானஸ்நானம், அதுக்கும் லீவு இல்ல. வீட்டு ஓடு பறந்து போச்சு, அதுக்கும் இல்ல. உங்கப்பா பெட்டில கிடந்தாவ... அன்னைக்கும் உனக்கு லீவு இல்ல.

ரிஜோ: அம்மா, அத எடுக்காத.

சத்தியபாய்: எடுப்பேன்.

ரிஜோ: டிக்கெட் கிடைக்கல. எத்தனை மட்டம் சொல்லியது? லைவ் போட்டிருந்திய, முழுக்கப் பாத்தேன். பாட்டு, ஜெபம், குழிக்கு கொண்டு போனது வரைக்கும்...

சத்தியபாய்: பெத்த அப்பனுக்க அடக்கத்த யூடியூபுல பாத்தேன்னு சொல்லுகதுக்கு உனக்கு நாணமா இல்லியா?

ரிஜோ: வெளிநாட்டுல உள்ளவன் எல்லாம் அப்படித்தான் பாக்கான். ஊர்ல எத்தனை அடக்கத்துக்கு லைவ் போடுகாவ. எனக்கு மட்டும் என்ன புதுசா...

சத்தியபாய்: வெளிநாட்டுல உள்ளவன் பாப்பான்.

ரிஜோ: அதைத்தான் நானும் சொல்லுகேன்.

சத்தியபாய்: அங்க பனி பெய்யுதா?

ரிஜோ: ஆங்?... பெய்யுது. முட்டளவு கிடக்கு.

சத்தியபாய்: அபினேஷ் வரும்போ ஒரு பொட்டு பனி இல்லேன்னான்.

ரிஜோ: அவன் வந்த பொறவு பெஞ்சது. இஞ்ச அப்படித்தான், ஒரு நாள்ல மாறும்.

சத்தியபாய்: அது என்ன ஆரன் சத்தம்?

ரிஜோ: டிராம்.

சத்தியபாய்: டிராமுக்கு லாரி மாதிரியா ஆரன் அடிப்பான்?

ரிஜோ: உனக்கு இப்ப என்ன வேணும்? போலீஸ் மாதிரி கேள்வி கேட்டுட்டு...

சத்தியபாய்: வீடியோ போடு.

ரிஜோ: நெட்டு பத்தாது.

சத்தியபாய்: கோபுரத்தக் காட்டண்டாம், சந்தையக் காட்டண்டாம். நீ நிக்க ரோட்டக் காட்டு. ஒரு நிமிசம்.

ரிஜோ: பத்தாதுன்னு சொன்னேன்லா.

சத்தியபாய்: மூணு வருசமா பத்தல.

ரிஜோ: ஆமா, பத்தல. இப்ப சொல்லட்டுமா, நீ இவ்வளவு ஏசுகியே, எல்லாத்துக்கும் நீதான் காரணம். நான் உனக்குச் சொன்னத ஊர் முழுக்கக் கொட்டு அடிச்சது யாரு? எனக்க மவன் தெனமும் எண்ணூறு வருசத்து சந்தையில நடக்கான், ராஜா நடந்த கல்லுல நடக்கான்னு சொல்லிட்டுத் திரிஞ்சது யாரு? செட்டு போடுங்கன்னு நானா சொன்னேன்? நீயும் உனக்க பெருமையும்.

சத்தியபாய்: சொன்னேன். நீ சொன்னத நம்பிச் சொன்னேன். அம்மைகிட்ட ஒருத்தன் கள்ளம் சொல்லுவான்னு எனக்கு என்ன தெரியும்?

ரிஜோ: திரும்பவும் கள்ளம்னு சொல்லாத...

சத்தியபாய்: அப்ப ஒரு கேள்விக்கு பதில் சொல்லு. இப்ப நிக்க வீடெல்லாம் எப்பக் கட்டுனது?

ரிஜோ: அது பழைய... அது...

சத்தியபாய்: தெனமும் அந்த வழி போறவன்தான, சொல்லு.

ரிஜோ: நான் வேலைக்குப் போறவன். செவரப் பாத்துட்டு நிக்கவா நேரம்?

சத்தியபாய்: அப்ப நான் சொல்லுகேன், கேளு. அங்க ஒரு கல்லுகூட பழசு இல்ல. செர்மன்காரன் சண்டைல வெடி வச்சு அந்தச் சந்தைய அப்படியே தரைமட்டம் ஆக்கிப் போட்டான். அங்கன இங்கன ரெண்டு செவரு நின்னதுதான் மிச்சம். இப்ப நிக்கது பொறவு கட்டுனது. உங்கப்பா கைப்பிள்ளையா கிடக்கும்போ கட்டுனது.

ரிஜோ: ஓ...

சத்தியபாய்: ஓ-வா? எதப் பாத்துக் கட்டுனானுவ, அதாவது தெரியுமா?

ரிஜோ: பழைய போட்டோ வச்சு இருக்கும்.

சத்தியபாய்: பழைய காலத்துல ஒருத்தன் வரைஞ்ச படம் இருந்துது. பொறவு கட்டட வேலை படிச்ச காலேஜ் பிள்ளைய வீடு வீடா அளந்து வரைஞ்சு வச்சிருந்துது. செர்மன்காரன் கைல கிடைக்காம அத சாமியார் மடத்துல கொண்டு ஒளிச்சானுவ. செங்கல் தெகையாம வேற இடிஞ்ச ஊர்கள்ல இருந்து கொண்டு வந்தானுவ. பாதி அபினேஷ் சொன்னான், மிச்சம் ஜாஸ்பின் டீச்சர் எடுத்துப் படிச்சுக் காட்டிச்சு. நீ இருக்க ஊருக்க கதைய, திருவனந்தபுரம் தாண்டிப் போகாத நான் உனக்குச் சொல்லிட்டிருக்கேன்.

ரிஜோ: சரி. நான் முட்டாள். போதுமா? செட்ட பிரிச்சுப் போடச் சொல்லு.

சத்தியபாய்: பிரிக்கல. கோபுரத்த மட்டும் பிள்ளைய இறக்கியாச்சு. ஒரு வரிசை வீட்ட இடிஞ்ச மாதிரி ஆக்கி, இன்னொரு வரிசைய கட்டுன மாதிரி வைக்கப் போகுதாம். அந்த ஊர்க்காரனுவ இடிஞ்சத மறைக்கலலே. வாறவன் போறவனுக்கெல்லாம், இடிஞ்சு போச்சு, நாங்க திரும்பக் கட்டுனோம்னு படம் போட்டுக் காட்டுகானுவ. உனக்கு அது முடியல.

ரிஜோ: எனக்கு என்ன முடியல? நான் என்னத்த மறைச்சேன்?

சத்தியபாய்: அத நீதான் சொல்லணும். அபினேஷ் நேத்து உனக்க அட்ரஸ் கேட்டான். லீவு முடிஞ்சு போகும்போ உன்ன வந்து பாக்கணுமாம். மீன் கருவாடும் முறுக்கும் குடுத்து விடுகியளான்னு எங்கிட்ட கேட்டான்.

ரிஜோ: குடுத்தியா?

சத்தியபாய்: எத? கருவாடா?

ரிஜோ: அட்ரஸ்.

சத்தியபாய்: எங்கிட்ட எங்க இருக்கு? நீ தந்தாதான. சொல்லு, எழுதிக் குடுக்கேன். எந்தத் தெரு? எந்த ஓட்டல்?

ரிஜோ: அம்மா...

சத்தியபாய்: சொல்லுலே. எந்தத் தெரு?

ரிஜோ: அம்மா, நான் அங்க இல்ல.

சத்தியபாய்: எங்க இல்ல? முழுசாச் சொல்லு.

ரிஜோ: வார்சாவுல இல்ல. போலந்துல இல்ல. நான்... நான் போகவே இல்லம்மா.

சத்தியபாய்: ம்.

ரிஜோ: டெல்லி வரைக்கும்தான் போனேன். ஏஜெண்டு தந்த விசா கள்ளப் பேப்பர்னு ஏர்போர்ட்ல நிப்பாட்டிட்டானுவ. அவனுக்கு போன் அடிச்சா சுவிட்ச் ஆஃப். மாலை போட்டு, பாஸ்டர் ஜெபம் பண்ணி, வேன் பிடிச்சு திருவனந்தபுரம் வரைக்கும் எல்லாரும் வந்து ஏத்தி விட்டிய. அப்பா கண்ணத் தொடச்சிட்டு கை காட்டுனாவ. எனக்கு எப்படிம்மா திரும்பி வந்து அந்த முகத்தப் பாக்க முடியும்? திருப்பூர்ல பனியன் கம்பெனில சேந்தேன். நீ போன் பண்ணி, அங்க என்ன மக்கா இருக்கு, எப்படி இருக்குன்னு கேட்ட. போலந்து சந்தைன்னு தேடுனேன். பெருசா எது வந்துதோ அதப் படிச்சுச் சொன்னேன். அது கிராக்கோன்னு பாக்கல. பொறவு அப்படியே... ஒவ்வொரு வாரமும்... என்னைக்காவது நிஜமாப் போயிருவேன்னு நெனச்சேன்.

சத்தியபாய்: தெரியும்.

ரிஜோ: என்ன தெரியும்?

சத்தியபாய்: திருப்பூர். பனியன் கம்பெனி. சாயங்காலம் ரோட்டோரம் நின்னு டீ குடிப்பியே, அதும் தெரியும். தாணம்மாளுக்க மருமவன் லாரியில லோடு எடுக்க வந்தவன் உன்னப் பாத்துட்டு வந்து சொன்னான். போன வருசம்.

ரிஜோ: போன வருசமா?

சத்தியபாய்: அது வேற ஆளா இருக்கும், எனக்க மவன் வார்சாவுல நிக்கான்னு சொல்லி அவன் வாய அடைச்சேன். போன கிறிஸ்மசுக்கு போலந்து மிட்டாய்னு சொல்லி தெரு முழுக்கக் குடுத்தேன். நாரோயில் கடையில வாங்குனது.

ரிஜோ: பொறவு ஏம்மா எங்கிட்ட கேக்கல? தெரிஞ்சும் ஏன்...

சத்தியபாய்: நீயாச் சொல்லணும்னு இருந்தேன். ஞாயித்துக்கெழமை ஆனா, இன்னைக்குச் சொல்லிருவான்னு போன எடுப்பேன். நீ மண்டபத்தச் சொல்லுவ, கோபுரத்தச் சொல்லுவ, அண்ணன் தம்பி ரெண்டு பேரு போட்டிக்குக் கோபுரம் கட்டுன கதையச் சொல்லுவ. நான் உம் கொட்டிட்டு இருப்பேன். போன வச்சிட்டு, இருந்த இடத்துல இருந்து ஏசுவேன். உன்ன இல்ல. என்ன. பெத்த பிள்ளைக்கு எங்கிட்ட ஒரு காரியம் சொல்ல பயம், அப்ப நான் எப்படிப்பட்ட அம்மை?

ரிஜோ: உன்னப் பயந்து இல்லம்மா...

சத்தியபாய்: கள்ளம் சொன்னத நான் தாங்கிட்டேன். ஆனா அடக்கம்... ஒரு ராத்திரி பஸ்ஸு தூரத்துல இருந்துட்டு, அப்பன் பெட்டில கிடக்கும்போ வரலியே. அது தெரிஞ்ச அன்னைக்கு உன்ன வெட்டிப் போடலாம்னு இருந்துது எனக்கு. சத்தியமாச் சொல்லுகேன்.

ரிஜோ: வந்தேன்மா.

சத்தியபாய்: என்ன?

ரிஜோ: வந்தேன். செய்தி கேட்ட உடனே பஸ் ஏறிட்டேன். நாரோயில் வடசேரி பஸ் ஸ்டாண்டுல வந்து இறங்குனேன். நம்ம ஊர் பஸ் நின்னுது, ஆளும் ஏறிட்டிருந்துது. நான் ஏறல. போலந்துல இருந்து ஒரு ராத்திரில எப்படி வந்தன்னு முதல்ல கேக்கவன்கிட்ட என்ன சொல்லுவேன்? அப்படியே நின்னேன். லைவ் பாத்தேன்னு சொன்னேன்லா... அங்க நின்னுதான் பாத்தேன். டாய்லெட்டுக்க பின்னால நின்னு. பெட்டிய மூடும்போ நீ எனக்க பேரச் சொல்லி அழுத. எனக்க பிள்ளை எங்கயோ கண்காணாத தேசத்துல கிடக்கானேன்னு... நான் வாயப் பொத்திட்டு நின்னேன்மா.

சத்தியபாய்: அரை மணிக்கூர் தூரம்லே அது.

ரிஜோ: தெரியும்.

சத்தியபாய்: பாவி. அரை மணிக்கூர். உனக்காவ பெட்டிய மூடாம வச்சிருந்தேன். பாஸ்டரு வாட்ச்சப் பாக்காரு, நான் இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்னு... எதுக்குன்னு எனக்கே தெரியாது. வரமாட்டான்னு தெரிஞ்சும் வச்சிருந்தேன்.

ரிஜோ: அழாதம்மா.

சத்தியபாய்: நான் அழல. எனக்கு எரியுது. பஸ் ஏறி வாலே. இனி என்னத்த மறைக்க இருக்கு?

ரிஜோ: எப்படி வருவேன்? அபினேஷுக்கு சந்தேகம் வந்திட்டு. அவன் அப்பன்கிட்ட சொல்லுவான், ஜெபகனி மாமா கமிட்டில சொல்லும். பெத்த அம்மைய மூணு வருசம் ஏச்சவன், அப்பன் அடக்கத்துக்கு எட்டிப் பாக்காதவன்னு சொல்லுவாவ. அந்த சர்ச்சுப் படி என்னால ஏற முடியாது. முற்றத்துல நிக்க செட்டுகூட எனக்க கள்ளத்துல கட்டுனது.

சத்தியபாய்: சொல்லுகவன் சொல்லட்டு.

ரிஜோ: உனக்கென்ன, சொல்லட்டும்ப. நாளைக்கு சர்ச்சுல உனக்க பக்கத்துல இருக்கவ நகந்து இருப்பா, அப்பத் தெரியும். நான் வரல. நான் இஞ்சயே கிடக்கேன்.

சத்தியபாய்: சாவது வரைக்குமா?

ரிஜோ: ஆமா.

சத்தியபாய்: காலைல சர்ச்சுல சாட்சி சொல்லுக நேரத்துல எழும்பிப் போயி மைக்க வாங்குனேன்.

ரிஜோ: எதுக்கு?... அம்மா, எதுக்கு? என்ன சொன்ன? நான் சொல்லுகதுக்கு முன்னாலயே எல்லாருகிட்டயும் சொல்லிட்டியா?

சத்தியபாய்: சொல்லிட்டேன். எனக்க மவன் வார்சாவுக்குப் போகல, திருப்பூர்ல நிக்கான்னு சொன்னேன். டெல்லில இருந்து திரும்பின அன்னைக்கே எனக்கு போன் பண்ணி, அம்மா, நான் வீட்டுக்கு வாறேன்னு அழுதான்னு சொன்னேன். பெருமை போயிருமேன்னு, வராத, வெளிநாட்டுல நிக்கேன்னே சொல்லுன்னு அவன் வாயக் கட்டுனது நான்னு சொன்னேன். கோபுரக் கதையெல்லாம் நான் உண்டாக்குனதுன்னு சொன்னேன். அப்பனுக்க அடக்கத்துக்கு வரட்டான்னு அவன் கெஞ்சுனான், வராதன்னு சொன்னதும் நான்தான்னு சொல்லிட்டேன். படி இறங்கி வரும்போ ஒருத்தியும் எனக்க மூஞ்சியப் பாக்கல. நீ ராத்திரி பஸ் பிடிச்சு வா. யாரு கேட்டாலும் எனக்க அம்மைதான் கள்ளின்னு சொல்லணும். மாத்தி ஒரு வாக்கு பறைஞ்ச, தோல உரிச்சிருவேன்.